அடுத்த கண்ட்ரோலரை ஊகிப்பது எப்படி: படம் வரைவதற்கு முன் பார்க்க வேண்டியவை

புது கன்சோல் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதுமே அதன் கண்ட்ரோலர் படங்களும் சுற்ற ஆரம்பித்துவிடும். பளபளப்பான கூடு, நடுவில் ஒரு திரை, ஓரத்தில் நீல வெளிச்சம். இவற்றில் பெரும்பாலானவை பொய்த்துப்போவது வரைந்தவருக்குக் கற்பனை போதாததால் அல்ல. கடைசியில் ஊகிக்க வேண்டியதை அவர் முதலில் ஊகித்ததால்தான். கூட்டின் வளைவு கடைசி நேரம் வரை மாறக்கூடியது. 2005-இல் ஈ3 என்ற வீடியோ கேம் கண்காட்சியில் பிளேஸ்டேஷன் 3-க்கென்று சோனி ஒரு பூமராங் வடிவக் கண்ட்ரோலரைக் காட்டியது. நிறுவனமே மேடையேற்றிய வடிவம். மறுஆண்டு ஈ3-இல் அது காணாமல் போய், பழைய டூயல்ஷாக் கண்ட்ரோலரின் உருவத்திலேயே சிக்ஸாக்ஸிஸ் என்ற கண்ட்ரோலர் வந்து நின்றது. பட்டன்களின் அமைப்பு மட்டும் இரண்டிலும் ஒன்றே.

ஆகவே பட்டன்கள், உள்பாகங்கள், பேட்டன்ட், ரேடியோ சான்றிதழ், அதற்கப்புறம்தான் உருவம். இந்த வரிசையில் போனால் வரைவதற்குள் பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்திருக்கும். பிளேஸ்டேஷன் 5-க்கு அடுத்து வரும் கன்சோலையே உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

எதை எடுக்க முடியாது என்று முதலில் எழுதுங்கள்

ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் ஒவ்வொரு தலைமுறையிலும் சேர்ந்தவை, வலப்பக்கம் நீங்கியவை. 1997 டூயல்ஷாக்கில் இரண்டு ஸ்டிக், அவற்றை அழுத்தினால் எல்3, ஆர்3, கூடவே அதிர்வு. 2006-இல் வயரில்லா இணைப்பும் அசைவு உணர்வும். 2013-இல் டூயல்ஷாக் 4-உடன் டச்பேட், லைட்பார், ஸ்பீக்கர். 2020-இல் டூயல்சென்ஸுடன் விசைக்கேற்ப இறுகும் ட்ரிக்கர், மைக், மியூட் பட்டன். வலப்பக்கம் எழுத அதிகம் எதுவும் இருக்காது. டூயல்ஷாக் 2-இலும் 3-இலும் முகப்புப் பட்டன்கள் அழுத்தத்தின் அளவை உணர்ந்தன. டூயல்ஷாக் 4-இல் அது போனது. திரும்பி வராத பெரிய நீக்கம் என்றால் அதுதான்.

காரணம் எளிது. பழைய கேம்கள் புது கன்சோலில் ஓட வேண்டுமென்றால் அவை கேட்கும் பட்டன் எல்லாம் கையில் இருக்க வேண்டும். டச்பேடை மேப்பாகப் பயன்படுத்தும் கேம் ஒன்றிரண்டு அல்ல. அடுத்த சோனி கண்ட்ரோலரில் டச்பேட் இருக்காது என்று வரைகிறவர், அந்த கேம்களில் அந்த வேலையை எது செய்யும் என்றும் சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லையென்றால் டச்பேடைத் திருப்பி வரைந்துவிடுங்கள்.

நிண்டெண்டோவுக்கு இந்தத் தாள் பாதிதான் உதவும். 2005 செப்டம்பரில் டோக்கியோ கேம் ஷோவில் நிண்டெண்டோ தலைவர் சடோரு இவாடா, பிறகு வீ என்று பெயர் பெற்ற கன்சோலுக்காக டிவி ரிமோட் போன்ற ஒன்றைத் தூக்கிக் காட்டியபோது எல்லாப் பட்டியலும் கிழிந்தது. ஆனால் பழைய கேம்களை ஏற்கும் ஸ்விட்ச் 2-க்கு வந்தால் அதே விதி திரும்பி வேலை செய்கிறது. அதன் கண்ட்ரோலரான ஜாய்-கான் 2 பழைய பட்டன்களையெல்லாம் வைத்துக்கொண்டு, வெகுசில கேம்களே கேட்ட அகச்சிவப்புக் கேமராவை மட்டும் விட்டுவிட்டது. எடுக்கப்படுவது பெரும்பாலும் ஆளில்லாத அம்சம்தான்.

இதே தாளின் அடியில் சட்டத்துக்கும் ஒரு வரி விடுங்கள். சிக்ஸாக்ஸிஸில் அதிர்வு இல்லாமல் போனதற்கு, அசைவு உணர்விக்கு அது இடையூறு என்று சோனி சொன்னது. அப்போது அதிர்வுத் தொழில்நுட்பம் தொடர்பாக இம்மெர்ஷன் நிறுவனத்துடன் ஒரு வழக்கும் நடந்துகொண்டிருந்தது. 2007 மார்ச்சில் வழக்கு சமரசமானது; அதே ஆண்டு நவம்பரில் டூயல்ஷாக் 3 அதிர்வோடு ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. சிலுவை வடிவத் திசைப் பட்டனான டி-பேடை எடுத்துக்கொண்டால், 1985-இல் விண்ணப்பித்த நிண்டெண்டோவின் அமெரிக்கப் பேட்டன்ட் 4,687,200 அதற்குக் காவலாக 2005 வரை இருந்தது. பின்பக்கத் துடுப்புகளுக்காக அயர்ன்பர்க் என்ற நிறுவனம், ஸ்டீம் கேம் தளத்தை நடத்தும் வால்வ் மீது தொடுத்த வழக்கில் 2021 பிப்ரவரியில் ஜூரி 40 லட்சம் டாலர் தரச் சொன்னது. பின்பட்டனை வரைவதற்கு முன் அது யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பது நல்லது.

உள்ளே இடம் இருக்கிறதா

அழகான ஊகங்கள் பல விழுவது இங்கேதான். டூயல்ஷாக் 4-இன் பேட்டரி 1000 எம்ஏஎச், டூயல்சென்ஸில் 1560 எம்ஏஎச். 3.65 வோல்ட்டால் பெருக்கினால் 5.7 வாட்-மணி வரும். இந்த அளவுள்ள லித்தியம் செல் லிட்டருக்கு 400 முதல் 600 வாட்-மணி வரை தாங்கும் என்று வைத்தால், பேட்டரிக்கு மட்டும் 10 முதல் 14 கன சென்டிமீட்டர் ஒதுக்க வேண்டும். கைப்பிடிகளை அதிர்வுக் கருவிகள் பிடித்துக்கொள்வதால் அது நடுவில்தான் உட்கார முடியும். நடுப்பகுதியை ஒல்லியாக்கி வரைந்த படம் எதுவாக இருந்தாலும், பேட்டரி எங்கே என்று கேளுங்கள்.

விலையுயர்ந்த டூயல்சென்ஸ் எட்ஜிலேயே இந்தச் சிக்கலைப் பார்க்கலாம். கழற்றி மாட்டும் ஸ்டிக் தொகுதியும் பின்பட்டனும் வந்த பிறகு அதன் பேட்டரி சாதாரண டூயல்சென்ஸைவிடச் சிறியதாகிவிட்டது. ஒன்று கூடினால் ஒன்று குறையும். உங்கள் ஊகத்தில் அம்சங்கள் கூடிக்கொண்டே போய் எதுவும் குறையவில்லையென்றால் கணக்கு தவறு என்று பொருள்.

ஸ்டிக் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைக்கு எல்லா ஊகமும் அங்கேதான் போய் முட்டுகிறது. பொட்டென்ஷியோமீட்டர் ஸ்டிக்கில் ஒரு சிறு தொடுமுனை கார்பன் தடத்தின்மேல் உரசிக்கொண்டே இருக்கும். தடம் தேய்ந்து, துகள் சேர்ந்து, கை வைக்காமலேயே பாத்திரம் நடக்க ஆரம்பிக்கும். ட்ரிஃப்ட் என்பது இதுதான். ஹால் எஃபெக்ட் ஸ்டிக்கில் உரசல் கிடையாது. காந்தம் நகர்வதை உணர்வி தொடாமல் அளக்கிறது. புதிது என்று நினைக்க வேண்டாம், 1998-இல் செகா டிரீம்காஸ்ட் கண்ட்ரோலரிலேயே இருந்தது. டிஎம்ஆர் என்பதும் காந்த வழிதான். மின்சாரம் குறைவாகக் குடிக்கும், அளவு நுட்பமாக வரும். 2025 நவம்பரில் வால்வ் அறிவித்த புதிய ஸ்டீம் கண்ட்ரோலர் அதைத்தான் எடுத்துக்கொண்டது.

அப்படியென்றால் எல்லோரும் காந்தத்துக்கு மாறிவிடுவார்கள் என்று எழுதிவிடலாமா? ஸ்விட்ச் 2 விஷயத்தில் அப்படி எழுதியவர்கள் ஏராளம். 2025 ஏப்ரலில் நிண்டெண்டோ ஹால் எஃபெக்ட் இல்லை என்று சொல்லிவிட்டது. ஜாய்-கான் 2 கன்சோலோடு காந்தத்தால் ஒட்டிக்கொள்கிறது என்பதை வைத்தே சிலர் முன்கூட்டிச் சந்தேகப்பட்டார்கள்: வலுவான காந்தம் பக்கத்தில் இருந்தால் காந்தத்தை அளக்கும் உணர்விக்குக் கவசம் வேண்டும், அதற்கு இடமும் செலவும் வேண்டும். நிண்டெண்டோ இந்தக் காரணத்தைச் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு பாகத்தை ஊகிக்கும்போது அதன் பக்கத்துப் பாகத்தையும் பார்க்கும் அந்தப் பழக்கம்தான் நமக்கு வேண்டியது.

பேட்டன்டை வாசிக்கும் முறை

தேடும் இடங்கள் நான்கு: கூகுள் பேட்டன்ட்ஸ், ஐரோப்பாவின் எஸ்பாஸ்நெட், ஜப்பானின் ஜே-பிளாட்பாட், அமெரிக்கப் பேட்டன்ட் அலுவலகத்தின் தேடுபக்கம். கன்சோல் பெயரைத் தட்டினால் குப்பைதான் வரும். உரிமையாளர் பெயரோடு வகைப்பாட்டு எண்ணைச் சேர்த்துத் தேடுங்கள். கண்ட்ரோலரின் கட்டமைப்புக்கு ஏ63எஃப் 13/24, தொடு உணர்வுப் பின்னூட்டத்துக்கு ஏ63எஃப் 13/285, ஜாய்ஸ்டிக் பொறிமுறைக்கு ஜி05ஜி 9/047. உரிமையாளர் பெயரிலும் ஒரு கண்ணி உண்டு. மைக்ரோசாஃப்டின் பேட்டன்ட்கள் மைக்ரோசாஃப்ட் டெக்னாலஜி லைசென்சிங் என்ற பெயரில் இருக்கும், சோனியுடையவை சோனி இன்டராக்டிவ் என்டர்டெயின்மென்ட் என்று இருக்கும். வெறும் சோனி என்று தேடினால் டிவியும் கேமராவும் வந்து குவியும்.

இன்னொரு நல்ல வழி, ஆளைப் பிடிப்பது. ஏற்கெனவே கடைக்கு வந்த கண்ட்ரோலரின் பேட்டன்டைத் திறந்து, கண்டுபிடிப்பாளர்கள் பகுதியில் உள்ள பெயர்களைக் குறித்துக்கொண்டு, அதே பெயர்களில் புது விண்ணப்பம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆராய்ச்சிப் பிரிவில் இருப்பவரின் விண்ணப்பத்தைவிடத் தயாரிப்புக் குழுவில் இருந்தவரின் விண்ணப்பத்துக்கு மதிப்பு அதிகம்.

கிடைத்ததும் முதலில் தேதி. சாதாரணப் பேட்டன்ட் விண்ணப்பம் முதல் தாக்கலிலிருந்து 18 மாதம் கழித்து வெளியாகும். இன்று செய்தியாக வருவது குறைந்தது ஒன்றரை ஆண்டு பழைய யோசனை. அதற்குள் நிறுவனம் அதைக் கைவிட்டிருக்கவும் கூடும். அடுத்து, படத்தை விட்டுவிட்டு உரிமைக்கோரிக்கைப் பகுதிக்குப் போங்கள். பாதுகாப்பு கேட்பது அங்கே எழுதியிருப்பதற்குத்தான். படம் விளக்கத்துக்குப் போட்டது. பழைய கண்ட்ரோலரின் உருவத்தையே வைத்து வரைந்துவிடுவது வழக்கம். ஒரு புது ட்ரிக்கரைப் பற்றிய விண்ணப்பத்தில் டூயல்ஷாக் 4 போன்ற உருவம் இருந்தால், அடுத்த கண்ட்ரோலரும் டூயல்ஷாக் 4 போல இருக்கும் என்று அர்த்தமில்லை.

உருவத்துக்கான பதிவு தனி, அதற்குப் பெயர் டிசைன் பேட்டன்ட். அதில் கோடுகளைக் கவனியுங்கள். முழுக்கோட்டில் வரைந்தது மட்டுமே கோரப்படுகிறது. புள்ளிக்கோட்டில் இருப்பது சூழலைக் காட்டுவதற்கு. கைப்பிடி முழுக்கோட்டிலும் பட்டன்கள் புள்ளிக்கோட்டிலும் இருந்தால் பட்டன் அமைப்பைப் பற்றி அந்த ஆவணம் எதுவும் சொல்லவில்லை. அமெரிக்காவில் டிசைன் பேட்டன்ட் வழங்கப்படும்வரை வெளியாவதில்லை. ஜப்பானில் பதிவிலிருந்து 3 ஆண்டு வரையும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 30 மாதம் வரையும் ரகசியமாக வைத்துக்கொள்ள வசதி உண்டு. ஒன்றும் கண்ணில் படவில்லை என்பதால் ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

பேட்டன்ட் எவ்வளவு தூரம் நம்பத் தக்கது? பின்பட்டன் கதை நல்ல அளவுகோல். 2019 கடைசியில் பின்னால் இரண்டு பட்டன் உள்ள சோனி விண்ணப்பம் வெளிவந்ததும் பிளேஸ்டேஷன் 5 கண்ட்ரோலர் இதுதான் என்று பலர் முடிவுகட்டினார்கள். 2020 ஜனவரியில் டூயல்ஷாக் 4-இல் மாட்டிக்கொள்ளும் தனி இணைப்பு வந்தது. ஏப்ரல் 7-இல் காட்டப்பட்ட டூயல்சென்ஸில் பின்பட்டனே இல்லை. உள்ளேயே அமைந்த பின்பட்டன், 2023 ஜனவரி 26-இல், 199.99 டாலர் விலையுள்ள எட்ஜில்தான் கிடைத்தது. யோசனை சரி, பொருளும் விலையும் தவறு. அதனால் ஒரு பேட்டன்டை எடுத்து எழுதும்போது, இது அடிப்படை மாடலுக்கா, உயர்விலை மாடலுக்கா, துணைக்கருவிக்கா, ஆய்வகத்தோடு நின்றுபோவதற்கா என்று நான்கு பெட்டி போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சதவீதம் கொடுங்கள். நான்காவது பெட்டியைக் காலியாக விடாதீர்கள். வாழைப்பழத்தைக் கேமரா பார்த்துக் கண்ட்ரோலராக மாற்றும் விண்ணப்பம்கூட சோனியிடமிருந்து 2021-இல் வெளியாகியிருக்கிறது.

ரேடியோ சான்றிதழும் மென்பொருளும்

வயரில்லாக் கருவி எதுவும் அமெரிக்காவில் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் அனுமதி இல்லாமல் விற்பனைக்கு வராது. அடையாள எண்ணின் தொடக்கமே நிறுவனத்தைச் சொல்லிவிடும்: சோனிக்கு ஏகே8, மைக்ரோசாஃப்டுக்கு சி3கே, நிண்டெண்டோவுக்கு பிகேஇ. மின்சுற்று வரைபடம் நிரந்தரமாக மறைக்கப்படும். புகைப்படமும் கையேடும் தற்காலிக ரகசியத்தில், முதலில் 45 நாள், நீட்டித்தால் 180 நாள் வரை இருக்கும். மறைக்கப்படாமல் நிற்பவை சோதனை அறிக்கையும், லேபிள் எங்கே ஒட்டப்படும் என்று காட்டும் கோட்டுப்படமும். அந்த லேபிள் படத்தில் பல நேரம் கருவியின் அடிப்பக்க ஓரக்கோடு தெரியும். அதை நகலெடுத்துப் பழைய கண்ட்ரோலரின் ஓரக்கோட்டின்மேல் வைத்துப் பாருங்கள்.

அறிக்கையில் அதிர்வெண்ணைப் படியுங்கள். 2402 முதல் 2480 மெகாஹெர்ட்ஸ் என்றால் புளூடூத். அதில் செய்தி இல்லை. 13.56 மெகாஹெர்ட்ஸ் வந்தால் என்எஃப்சி, அதாவது நிண்டெண்டோவின் அமீபோ போன்ற பொம்மை அல்லது அட்டையை வைத்துப் படிக்கும் வசதி. 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வந்தால் வைஃபை வழியே நேராக சர்வரோடு பேசும் வாய்ப்பைப் பற்றி எழுதலாம். பிரேசிலின் தொலைத்தொடர்பு ஆணையமான அனடெல், கொரியாவின் பதிவுத்தளம் இரண்டையும் கூடவே பாருங்கள். அமெரிக்காவில் மறைத்த புகைப்படம் பிரேசிலில் திறந்து கிடப்பதுண்டு.

மென்பொருளைப் பொறுத்தவரை லினக்ஸ் கெர்னலிலும், கேம்கள் கண்ட்ரோலரோடு பேசப் பயன்படுத்தும் எஸ்டிஎல் நூலகத்திலும் சேரும் மாற்றங்களைப் பார்த்தால் போதும். யுஎஸ்பி நிறுவன எண் சோனிக்கு 054சி, நிண்டெண்டோவுக்கு 057ஈ, மைக்ரோசாஃப்டுக்கு 045ஈ, வால்வுக்கு 28டிஈ. இவற்றோடு இதுவரை காணாத பொருள் எண் ஒன்று சேர்ந்தால் குறித்து வையுங்கள். நிறம் மட்டும் மாறிய பதிப்புக்குப் பொதுவாகப் புது எண் தேவைப்படாது.

கசிந்த படம் கையில் வந்தால்

முதல் கேள்வி, இந்தப் படத்தை உருவாக்க எவ்வளவு தகவல் ஏற்கெனவே வெளியில் இருந்தது என்பது. முகம் முழுக்கத் திரையும், திரையைத் துளைத்து ஸ்டிக்கும் உள்ள ஒரு நிண்டெண்டோ விண்ணப்பம் 2015 டிசம்பரில் வெளியானது. 2016 மார்ச்சில் அச்சு அசல் அதே போல, என்எக்ஸ் என்ற குறிப்பெயரில் அப்போது அறியப்பட்ட நிண்டெண்டோ கன்சோலின் கண்ட்ரோலர் என்று புகைப்படங்கள் வந்தன. நிறையப் பேர் நம்பினார்கள். செய்தவர்களே பிறகு போலி என்று காட்டினார்கள். அக்டோபர் 20-இல் வந்த ஸ்விட்ச் வேறு பொருள். பேட்டன்ட் படத்தோடு மிக நன்றாகப் பொருந்துகிற கசிவு சந்தேகத்துக்குரியது, ஏனென்றால் போலி செய்பவரும் அதே படத்தைத்தான் பார்த்திருப்பார்.

பிறகு பொருளைக் கிட்டத்தில் பாருங்கள். பிளாஸ்டிக்கை அச்சில் வார்த்தால் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் மெல்லிய ஒரே கோடு ஓடும். முப்பரிமாணப் பிரிண்டரில் எடுத்திருந்தால் 0.2 மி.மீ. இடைவெளியில் அடுக்கடுக்காக வரி தெரியும். தேய்த்துப் பெயின்ட் அடித்திருந்தாலும் பட்டன் குழியின் உள்சுவரில் அந்த வரி மிஞ்சும், அங்கே உப்புத்தாள் போகாது. ஸ்டிக்கின் தண்டுக்கும் துளையின் விளிம்புக்கும் இடையே சுற்றிலும் ஒரே அளவு இடைவெளி இருக்கிறதா? ஸ்டிக் முழுக்கச் சாயும்போது விளிம்பில் படும் வட்டம் தெரிகிறதா? பட்டன்கள் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா? திருகுக்குழி எங்கே?

அளவெடுக்க யுஎஸ்பி-சி துளையே ஸ்கேல். அதன் உள் அகலம் 8.34 மி.மீ., எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றே. படத்தில் துளை 42 பிக்ஸல், கண்ட்ரோலரின் முழு அகலம் 806 பிக்ஸல் என்று வைத்துக்கொள்வோம். 806-ஐ 42-ஆல் வகுத்து 8.34-ஆல் பெருக்கினால் 160 மி.மீ., அதாவது டூயல்சென்ஸின் அகலம். ஆனால் துளையை அளந்ததில் ஒரு பிக்ஸல் கூடிப்போனால் விடை 156, குறைந்துபோனால் 164. இப்படிப்பட்ட ஒரு படத்தை வைத்து 2 மி.மீ. குறைந்திருக்கிறது என்று எழுதுவது வெறும் சத்தம். அதைவிடப் பெரிய பிழை தூரத்தால் வருவது. கேமராவிலிருந்து 30 செ.மீ. தள்ளித் துளை இருக்க, கைப்பிடியின் அகன்ற இடம் 3 செ.மீ. முன்னால் துருத்தியிருந்தால் அது 11 சதவீதம் பெரிதாகத் தெரியும். அதே பொருளை 1 மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்து எடுத்திருந்தால் பிழை 3 சதவீதமாகச் சுருங்கிவிடும். முகத்துக்கு நேரே, தூரத்திலிருந்து எடுத்த படம் கிடைக்கும்வரை மில்லிமீட்டர் பேச வேண்டாம்.

அசல் ஆவணமே கசிந்தாலும் அது திட்டம்தான், பொருள் அல்ல. அமெரிக்க வர்த்தக ஆணையத்துடனான வழக்கில் 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்டின் உள் ஆவணங்கள் வெளியே வந்தன. செபில் என்ற குறிப்பெயரில் ஒரு கண்ட்ரோலர்: நுண்ணிய அதிர்வு, கையில் எடுத்ததும் விழித்துக்கொள்ளும் உணர்வி, ஓசை குறைந்த பட்டன், மாற்றக்கூடிய பேட்டரி, 69.99 டாலர் விலை, 2024 மே மாதம். ஆவணம் உண்மையானதுதான். 2024 மே வந்து போனது, கண்ட்ரோலர் வரவில்லை.

மாதிரி செய்து பார்த்தல்

இவ்வளவுக்கும் பிறகு வரையலாம். வரைந்ததைக் கையில் பிடித்துப் பார்க்காமல் வெளியிடாதீர்கள். மாடலிங் களிமண்ணில் கைப்பிடியை மட்டும் உருட்டினாலே போதும். பிரிண்டர் இருந்தால் இரண்டு பாதியாகப் பிரித்து, 2 முதல் 3 மி.மீ. சுவரோடு எடுத்து, டூயல்சென்ஸின் 280 கிராம் வரும்வரை உள்ளே எடை வையுங்கள். காலியான மாதிரி எந்த வடிவத்திலும் சுகமாகத்தான் இருக்கும், அதனால் எடையை விட்டுவிடக் கூடாது. ஆள்காட்டி விரலை ட்ரிக்கரிலிருந்து எடுக்காமல், கட்டைவிரலை ஸ்டிக்கிலிருந்து டி-பேடுக்கும் திரும்பவும் கொண்டுபோங்கள். பிடி நழுவினால் படத்தைத் திருத்துங்கள்.

வெளியிடும்போது ஒவ்வொரு ஊகத்தையும் தனி வரியாக, சதவீதத்தோடு, எது வந்தால் அது பொய்யாகும் என்ற குறிப்போடு எழுதுங்கள். டச்பேட் இருக்கும், 95. அடிப்படை மாடலில் பின்பட்டன், 40. காந்த ஸ்டிக், 50 என்கிற மாதிரி. எண்கள் உங்கள் ஆதாரத்துக்குத் தகுந்தபடி மாறலாம். கண்ட்ரோலர் வெளிவந்த அன்று, நடந்ததற்கு 1, நடக்காததற்கு 0 என்று வைத்து, நீங்கள் சொன்ன எண்ணைத் தசமமாக்கி அதிலிருந்து கழித்து இருமடியாக்குங்கள். 95 என்று சொன்னது நடந்தால் 0.0025, 70 என்று சொன்னது நடக்காவிட்டால் 0.49. சராசரி குறையக் குறைய நல்லது. எல்லாவற்றுக்கும் 50 என்று சொல்லியிருந்தால் 0.25 வரும், உங்கள் சராசரி அதைத் தாண்டினால் உங்கள் ஊகத்தைவிட நாணயம் சுண்டியதே மேல். உள்பாக ஊகங்களுக்கு ஒரு சராசரி, உருவ ஊகங்களுக்கு வேறு சராசரி வையுங்கள். இரண்டையும் கலந்தால் டச்பேட் மாதிரி சுலபமான வரிகள் மதிப்பெண்ணை அழகாகக் காட்டிவிடும்.